தூசி, சேறு, துரு: மனைவி

பாத்திரக்கடைக்காரர் அந்த டாங்கியைக் கழுவி முடித்தபோது காலை மணி பத்தேகால்.

நுரை ததும்பிய சமையலறை எவர்சில்வர் தொட்டியில் அதை அப்படியே முக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் சந்துபொந்தெல்லாம் தேய்த்து, குழாயில் காட்டி அலசி, மெத்தென்ற துண்டில் ஒற்றி எடுத்தார். ஒரு முழ நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் பீரங்கி வண்டிதான். அதிலிருந்து இறங்கிய அழுக்கோ நிஜ லாரிக்கே போதும். தண்ணீர் முதலில் டீ நிறத்தில் போனது, பிறகு பால் கூடிய டீயாக, கடைசியில் வெறும் தண்ணீராக. பச்சை நிறம் பளிச்சென்று தலைகாட்டியதும் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

"மூடி போட்டு வெச்சும் இவ்ளோ தூசியா!" என்று டாங்கியைப் பார்த்துச் சொன்னார். "அந்த மூடியை வித்தவன் நல்லா ஏமாத்தியிருக்கான்."

நாற்பத்திரண்டு வருஷம் பாத்திரக்கடை நடத்தியவர். கடையில் அவர் யாருக்கும் சம்பளம் கொடுத்துத் துடைக்கச் சொன்னதில்லை. வலது கை ஒரு சொம்பை எடுத்தால், இடது கை தோள் துண்டை இழுத்து அதைத் துடைத்துவிடும். நடுவில் யோசனைக்கு இடமே கிடையாது. தூசியைப் பார்த்த வாடிக்கையாளர் உடனே விலையைக் குறைத்துக் கேட்பார் என்பது அவருடைய பயம். அந்தப் பயம் கடையை விற்ற பிறகும் கையை விட்டுப் போகவில்லை. வங்கிக்குப் போனால் கயிற்றில் கட்டிய பேனாவைத் துடைப்பார். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பியை மேலிருந்து கீழ்வரை துடைத்தார். அவ்வளவு வலியிலும் அவள் சிரித்தாள். "அப்பா, அது விற்பனைக்கு இல்லப்பா" என்றாள்.

அவள் போய் ஒரு வருஷத்துக்கு எட்டு நாள் குறைவு. இப்போது அவர் இருப்பது மருமகன் வீட்டில். காரியங்கள் எல்லாம் முடிந்த அன்று, "மாமா, நீங்க தனியா போக வேணாம், எங்ககூடவே இருந்துடுங்க" என்று மருமகன் சொன்னான். அந்த 'எங்க'வில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி இல்லாமல் போய் நாலு நாள் ஆகியிருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பெட்டியோடு வந்தார். மகள் இல்லாத வீட்டில் மாமனாருக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல அவரிடம் சரக்கு இல்லை. மருமகன் கேட்கவில்லை. மருமகன் எதையுமே கேட்கிற ஆள் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் கீழேயும் போய் வருகிற தொழில், வாயோ நடுவிலேயே நின்றுபோன லிஃப்ட்.

நேற்று வெளியூர் ஆஸ்பத்திரியில் ஒரு லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்று போயிருந்தான். போகும்போது வழக்கத்துக்கு மாறாக நாலு வாக்கியம் பேசினான். "மாமா, நாளன்னிக்குக் காலையில மாடல் கண்காட்சி. டேங்க்கை எடுத்துட்டுப் போறேன். பெட்டி தயாரா இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடுவேன்."

அந்த டாங்கி இருவரும் சேர்ந்து செய்தது என்பது பாத்திரக்கடைக்காரருக்குத் தெரியும். கடைசி நாலு மாசம், சனிக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வரும்போதெல்லாம், மகள் கட்டிலில் சாய்ந்து மடியில் பலகை வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் அதை என்னவோ செய்துகொண்டிருப்பாள். "பெயின்ட் அடிக்கிறியாம்மா?" என்று கேட்பார். "ஆமாப்பா, ஒரு மாதிரி" என்பாள். அந்தப் பச்சை மகள் அடித்த பச்சை என்று இன்று காலைவரை நம்பியிருந்தார். மகள் அடித்த பச்சையின்மேல் ஒரு வருஷத்துத் தூசி ஏறிக் கிடக்கிறது, நாளைக்கு நாலு பேர் பார்க்கப்போகிறார்கள், இது தகுமா? எட்டு நாள் குறைவான இந்த ஒரு வருஷத்தில் இந்த வீட்டுக்கு அவர் செய்த உருப்படியான காரியம் என்று ஒன்றும் இல்லை. இதையாவது செய்வோம்.

அதனால் கழுவினார். டாங்கியைத் தூக்கியபோது உள்ளே களக் களக் என்று ஏதோ ஆடியது. எதையோ உடைத்துவிட்டோமோ என்று லேசாகப் பயந்து, சாய்க்காமல் கொள்ளாமல் கைக்குழந்தையைப் போல நிமிர்த்தியே கொண்டுபோனார். ஸ்பாஞ்ச் வெட்டி வைத்த அட்டைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன அட்டை இருந்தது. கண்காட்சியில் டாங்கிக்கு முன்னால் நிறுத்தி வைக்க, மருமகன் கைப்பட எழுதியது.

வண்டி: கணவன். தூசி, சேறு, துரு: மனைவி.

மூன்று முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நாலாம் முறை படித்தார். எழுத்து மாறவில்லை.

பிறகு சமையலறைக்கு ஓடினார்.

அறுபத்தெட்டு வயசில் ஓடுவது என்பது பெரும்பாலும் கையை ஆட்டுவதுதான். தொட்டி காலியாக இருந்தது. ஒரு துளி டீ நிறம்கூட இல்லை, அவர்தான் அதையும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தாரே! தொட்டிக்குக் கீழே மண்டியிட்டு, வளைந்த குழாயின் மூடியைத் திருகினார். கையைக் கிழித்துக்கொண்டு திறந்தார். கிண்ணத்தில் விழுந்தது கொழகொழவென்று சாம்பல் நிறத்தில் ஒரு கரண்டி, நடுவில் இரண்டு கடுகு, ஒரு முடி. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதில் எது மகள், எது நேற்றைய குழம்பு என்று பிரிக்க எந்தத் தராசாலும் ஆகாது.

போன் அடித்தது. மருமகன்.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு மாப்ள."

"அந்த டேங்க் மேல பலகையிலயே இருக்கட்டும். நீங்க எடுத்து வைக்க வேணாம். லேசா பட்டாலே உதிரும். நானே வந்து வெச்சுக்கறேன்."

பாத்திரக்கடைக்காரர் வாயைத் திறந்தார். நாற்பத்திரண்டு வருஷம் எந்த வாடிக்கையாளருக்கும் பதில் சொல்லத் திணறாத வாய் அது. "சரிங்க மாப்ள" என்று மட்டும் வந்தது.

"வேலை முடியப்போகுது. முடிஞ்சா சீக்கிரமே வந்துடறேன்."

"அவசரமே இல்ல! மெதுவா வாங்க. லிஃப்ட் விஷயம், நல்லா பாருங்க. நாலு பேர் ஏறி இறங்கறது."

போனை வைத்துவிட்டு, அதையும் துடைத்தார்.

*

அலமாரியில் மகளின் தகர டப்பா இருந்தது. உள்ளே விரல் அளவு பொடிப் புட்டிகள் ஒன்பது. ஒன்பதும் சுரண்டிச் சுரண்டித் தீர்ந்தவை. கடைசித் துகள்வரை வழித்திருந்தாள், அப்பனுக்குத் தப்பாத மகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே கடையின் சீட்டும் ஒரு எண்ணும் ஒட்டியிருந்தன. டாங்கியைத் துண்டின்மேல் காயவிட்டு, டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கூரைவரை பெட்டிகள். நடுவில், நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி ஒரு ஆள், விமானத்தின் சக்கரத்தை இடுக்கியில் பிடித்து ஊதிக்கொண்டிருந்தான். சரக்கு வாங்குகிறவர்கள் எல்லாரும் அவனைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது, கதவில் அப்படியே எழுதியிருந்தது.

"இது பொம்மைக் கடைதானே தம்பி?"

"பொம்மை இல்லீங்கய்யா. மாடல்."

"எதுவோ ஒண்ணு. இந்த ஒன்பது நம்பரும் வேணும். இப்பவே."

பூதக்கண்ணாடி டப்பாவைத் திறந்தான். ஒரு புட்டியை எடுத்தான். நெற்றியிலிருந்து கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். அந்தக் கண்ணாடிக்குள் அவன் கண் சாத்துக்குடி அளவுக்கு இருந்தது.

"நீங்க அவங்கப்பாவா?"

"எப்படித் தெரியும்?"

"இந்த டப்பாவை மறக்க முடியுமாய்யா? ஒரு புட்டி பொடி வாங்க முக்கால் மணி நேரம் பேரம் பேசுவாங்க. 'இந்த விலையைக் கேட்டா எங்கப்பா உங்களை வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பார்'னு திட்டுவாங்க. அவங்களுக்குப் பயந்து நான் விலைச்சீட்டையே எடுத்துட்டேன்." சிரித்தான், பிறகு சிரித்ததற்காக வருந்தினான். "நாளைக்குக் கண்காட்சில அந்த டேங்க் வருதுன்னு சொன்னாங்க. அவங்களோட அழுக்கைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும்யா."

"அழுக்கைப் பார்க்கவா?"

"வண்டி கட்டறது யார் வேணாலும் கட்டலாம்யா. படத்தைப் பார்த்து ஒட்ட வேண்டியதுதான். பச்சை அடிக்கறதும் அப்படித்தான். அதுக்கு அப்புறம்தான் வேலையே. மேல் பக்கத்துல தூசி எவ்ளோ உட்காரும், மழை நாலு சொட்டு விழுந்தா அது எப்படி வழியும், சக்கரம் வாரி அடிக்கிற சேறு எங்க ஒட்டும். அவங்க வந்து என்ன கேட்டாங்க தெரியுமா? 'இந்த வண்டியை ஓட்டறவன் ஏறும்போது எந்தக் காலை முதல்ல வைப்பான்?' எனக்கு எப்படித் தெரியும்! அவங்களே முடிவு பண்ணாங்க. இடது கால், அவசரக்காரன், சேறு பூசின பூட்ஸ், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல வழுக்குவான்னு. அந்த வழுக்கினதை மட்டும் வரைய மூணு நாள்."

பாத்திரக்கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்காரும் முன் அதைத் துடைத்தார். அதைப் பார்த்ததும் பூதக்கண்ணாடிக்குச் சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தது.

"இதையும் சொல்லுவாங்க. 'எங்கப்பா மட்டும் இதைப் பார்த்தார்னா துணியை எடுத்துக்கிட்டு வந்துடுவார்'னு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கடையில சொம்பு துடைச்சே என் சின்ன வயசு போச்சு, இப்பத்தான் தூசி போடறேன், யாரும் துடைக்கச் சொல்ல மாட்டாங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

கையிலிருந்த துண்டை அவர் மடியில் வைத்தார்.

"தம்பி," என்றார் பாத்திரக்கடைக்காரர், "துணியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினான். "தண்ணியாலயா?"

"சோப்புத் தண்ணி."

"ஐயய்யோ. மத்தவங்க சேறுன்னா நின்னிருக்கும்யா. பெயின்ட் தின்னர் விட்டு இறுக்குவோம், தேய்ச்சாலும் போகாது. அவங்களுக்குத் தின்னர் வாசனை ஆகல. மருந்து ஏத்திக்கிட்டு இருந்தாங்கல்ல, மூடியைத் திறந்தாலே குமட்டும். அதனால எல்லாமே தண்ணில கலக்கற பொடி, தண்ணில கரையற பசை. அது தண்ணி பட்டா..." அவன் கையை விரித்தான்.

"நீ பண்ணிக் குடு."

"ஐயா..."

"எவ்ளோ வேணாலும் கேளு."

"நான் பண்ணினா என் கை தெரியும்யா. உங்க மருமகன் கதவைத் திறந்த உடனே கண்டுபிடிச்சிடுவார்."

"அப்ப நான் பண்றேன். சொல்லிக் குடு. அஞ்சு மணி நேரம் இருக்கு."

பூதக்கண்ணாடி அவரை ஏற இறங்கப் பார்த்தான். வாதாடவில்லை. ஒன்பது புட்டிகளை எடுத்து வைத்தான். பொடியில் பசைத் தண்ணீரை எப்படிக் குழைப்பது, ஸ்பாஞ்சுத் துண்டால் எப்படி ஒற்றுவது, வழிந்த கோட்டை ஈரப் பிரஷ்ஷால் எப்படிக் கீழே இழுப்பது என்று பத்து நிமிஷத்தில் காட்டினான். மகள் ஒருமுறை பெருமைக்கு அனுப்பிய போட்டோ அவன் போனில் இருந்தது. அதைக் கடை பிரிண்டரில் அச்சடித்தும் கொடுத்தான். டாங்கியின் இடது பக்கம். இடது பக்கம் மட்டும்.

"வலது பக்கம்?"

"அனுப்பலையே. 'அது இன்னும் முடியல'ன்னாங்க. முடிச்சாங்களான்னு தெரியாது."

அவன் சொன்ன தொகையைப் பாத்திரக்கடைக்காரர் எடுத்து மேசையில் வைத்தார். பூதக்கண்ணாடியின் முகம் மாறியது. "பேரம் பேசாம குடுக்கறீங்க. உடம்பு நல்லா இருக்காய்யா? தண்ணி குடிங்க."

*

மணி ஒன்றுக்கு வேலையை ஆரம்பித்தார். மேசையில் செய்தித்தாள், அதன்மேல் டாங்கி, எதிரில் போட்டோ, பக்கத்தில் புட்டிகள். போட்டோவில் இருந்த சேறு சேறு போலவே இருந்தது. அதுதான் பிரச்சினை. அவர் குழைத்த சேறு சட்னி போல இருந்தது.

முதல் ஒற்று ஒற்றினார். ஒற்றின மறுகணம் அந்த இடம் பச்சையாகப் பளபளத்தது. என்னடா மாயம் என்று பார்த்தால், இடது கை துண்டோடு துடைத்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"ஏய்!" என்று கையைப் பார்த்து அதட்டினார்.

இரண்டாவது ஒற்று. மறுபடியும் துடைத்தது. துண்டைத் தூக்கி அடுத்த அறையில் எறிந்தார். கை வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டது. நாற்பத்திரண்டு வருஷம் சோறு போட்ட கை, இப்போது அவருக்கே எதிராக வேலை பார்த்தது. கடைசியில் இடது மணிக்கட்டை நாற்காலிக் கையோடு துணிப்பையின் வாரால் கட்டினார். ஒற்றைக் கையால் மூடி திறக்க முடியாமல் பல்லால் கடித்துத் திறந்தார். நாக்கில் பொடி கரகரத்தது. மண் ருசி. துப்ப மனசு வரவில்லை.

இரண்டரைக்கு இடது பக்கம் முழுவதும் சேறு ஆனது. போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மகள் செய்தது, ஒரு வண்டி தூரத்திலிருந்து வந்து நின்றது போல. அவர் செய்தது, யாரோ ஒரு வண்டியின்மேல் வாந்தி எடுத்தது போல. மறுபடி ஈரப் பஞ்சால் எல்லாவற்றையும் எடுத்தார். இந்த வீட்டில் இன்று இரண்டாம் முறையாக டாங்கி குளித்தது. அந்தக் குளியலில் பக்கவாட்டில் ஒட்டியிருந்த வெள்ளை எண்ணின் கடைசி இலக்கமும் விரலோடு வந்துவிட்டது. நகத்தில் ஒட்டிய அந்தக் குட்டி '7' எண்ணைப் போட்டோவின் ஓரத்தில் தேய்த்து ஒட்டி வைத்தார்.

மூன்றரைக்கு மறுபடி. இந்த முறை குறைவாக, மேலும் குறைவாக. கையைக் கட்டியிருந்த வார் தோலில் பதிந்து எரிந்தது. மழைக் கோடுகள் மூன்றை இழுத்தார். முதல் கோடு தடித்துவிட்டது. இரண்டாவது கோணலாகப் போனது. மூன்றாவது, ஆச்சரியமாக, வழிந்தது. நிஜமாகவே வழிந்தது. "வந்துடுச்சும்மா!" என்று கத்தினார். வெற்று வீட்டில் அந்தச் சத்தம் சுவரில் பட்டு அவரிடமே திரும்பியது.

வழுக்கின பூட்ஸ் தடம் வரவே இல்லை. பதினோரு முறை முயன்றார். அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். எண்ணிப் பார்த்தால் அவளிடம் மிச்சமே கொஞ்ச நாட்கள்தான், அதில் மூன்றை இல்லாத ஒருவனின் வழுக்கலுக்குக் கொடுத்திருக்கிறாள்.

நாலே முக்கால். டாங்கியை மெதுவாகத் திருப்பினார். உள்ளே களக் என்றது. வலது பக்கம் பச்சையாக, கழுவின கண்ணாடிபோல எதிரே நின்றது. இந்தப் பக்கம் அவள் என்ன நினைத்திருப்பாள்? நிழல் பக்கமா? சேறு காய்ந்திருக்குமா, ஈரமா? ஓட்டுகிறவன் இந்தப் பக்கம் இறங்குவானா? பிரஷ்ஷைத் தூக்கினார். ஒரு புள்ளிகூட வைக்க முடியவில்லை. இடது பக்கம் செய்தது நகல். இந்தப் பக்கம் எதை வைத்தாலும் பொய். பொய்க்கு அவர் அஞ்சினவர் இல்லை. முலாம் பூசினதைப் பித்தளை என்று சொல்லி விற்ற நாட்களும் உண்டு. ஆனால் அதெல்லாம் முகம் தெரியாதவர்களுக்கு.

பொய் என்றதும் வேறு யோசனை வந்தது. மருமகனிடம் சொல்ல மூன்று கதைகள் தயார் செய்தார். ஒன்று, பூனை. டாங்கியைச் சோப்புப் போட்டுக் கழுவும் பூனை எந்த ஊரில் இருக்கிறது? தள்ளு. இரண்டு, ஜன்னல் வழியாக மழை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மூன்று, மேல்வீட்டுக் குழாய் ஒழுகி நேராகப் பலகையில். இது பரவாயில்லை. மேல்வீடு மட்டும் இருந்திருந்தால் ஜோராக இருந்திருக்கும். இது மொட்டை மாடிக்குக் கீழ் வீடு.

வாசலில் சாவி திரும்பியது. மணி ஐந்து.

*

"பஸ் சீக்கிரமே கிடைச்சுது மாமா" என்றபடி மருமகன் கருவிப் பையைக் கீழே வைத்தான்.

பாத்திரக்கடைக்காரர் எழுந்து மேசையை மறைத்து நின்றார். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. கையை அவிழ்க்க மறந்திருந்தார்.

"வாங்க மாப்ள. போய்க் கைகால் கழுவி..." கழுவி என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மருமகன் அவரையும் நாற்காலியையும் பார்த்தான். அவர் வாயோரத்தில் ஒட்டியிருந்த மண்பொடியைப் பார்த்தான். "நகருங்க மாமா."

நகர்ந்தார். நாற்காலி தரையில் கீறிக்கொண்டு கூடவே நகர்ந்தது.

மருமகன் குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். லிஃப்ட் விழுந்த குழியை மேலிருந்து பார்க்கிறவன் அப்படித்தான் பார்ப்பான் போலும். மூன்று கதைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"நான்தான் கழுவினேன்" என்றார். "தூசின்னு நினைச்சேன் மாப்ள. உங்களுக்கு உதவியா இருக்கட்டும்னு."

"சோப்பா?"

"பாத்திரம் தேய்க்கிற லிக்விட்."

"வெந்நீரா?"

"வெதுவெதுப்பா."

மருமகன் தலையசைத்தான், பழுதுக்குக் காரணம் கண்டுபிடித்தவனைப் போல. பிறகு எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுக்குப் பதில் சொல்லலாம், காலில்கூட விழலாம். இந்த மௌனத்தோடு என்ன பேரம் பேசுவது?

"நான் போயிடறேன் மாப்ள. பெட்டி எடுத்து வைக்க அரை மணி நேரம் ஆகாது."

மருமகன் இடது பக்கத்து மூன்றாவது மழைக் கோட்டை விரலால் தொடாமல் காட்டினான். "இது நீங்களா?"

"ஆமா."

"இந்தப் பக்கம் ஏன் சும்மா விட்டுட்டீங்க?"

"போட்டோ இல்ல. அவ என்ன நினைச்சான்னு எனக்குத் தெரியல." வலது கையில் பிரஷ்ஷை எடுத்தார். "நீங்க சொல்லுங்க, நான் வெக்கிறேன். ராத்திரி பூரா உக்காந்து வெக்கிறேன். எங்க என்ன இருந்ததுன்னு மட்டும் சொல்லுங்க."

மருமகன் அந்தப் பச்சைப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தான்.

"தெரியல மாமா" என்றான். "தினமும் பார்த்தேன். தினமும். இப்ப கேட்டா சொல்ல வரல."

அவன் அழுததை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. அடக்கம் செய்த அன்றும் பார்த்ததில்லை. தோள் மட்டும் குலுங்கியது, சத்தமே இல்லை. பாத்திரக்கடைக்காரர் கட்டின கையோடு அருகில் நின்று, எதையும் செய்ய வழியில்லாமல், நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மருமகன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு டாங்கியைக் கையில் எடுத்தான். உள்ளே களக் களக் என்றது.

"அதுவும் நான்தான்" என்றார் அவசரமாக. "உள்ள என்னமோ உடைஞ்சுபோச்சு. கழுவும்போதே ஆடிச்சு."

"உள்ள ஒண்ணுமே கிடையாதே மாமா. காலி."

டாங்கியைக் காதோரம் வைத்து ஆட்டினான். நெற்றி சுருங்கியது. பீரங்கிக் குழலோடு இருந்த அதன் தலையைப் பிடித்து லேசாகத் திருகினான். அது கழன்று வரும் என்பதே பாத்திரக்கடைக்காரருக்கு இதுவரை தெரியாது. தலை போன ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தான். டாங்கி கையில் சாய்ந்தது.

தண்ணீர் கொட்டியது. நாலைந்து கரண்டிதான் இருக்கும். டீ நிறத்தில், நுரைக்கு நடுவே, கெட்டியாக. காலையில் முதன்முதலாக முக்கியபோது கரைந்து உள்ளே புகுந்துகொண்ட தண்ணீர், எல்லா அலசலிலும் தப்பித்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. செய்தித்தாளில் விழுந்து, அதன் விளிம்பைத் தாண்டி, பளபளவென்ற மேசையில் பரவி ஓட ஆரம்பித்தது.

வார் அறுந்தது. பாத்திரக்கடைக்காரரின் இடது கை விடுபட்டு, வேட்டி நுனியோடு மேசையை நோக்கிப் பாய்ந்துவிட்டது.

"மாமா! துடைக்காதீங்க!"

மருமகன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். வார் எரித்த இடத்திலேயே பிடித்தான், உயிர் போனது. துணி தண்ணீருக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது.

"தட்டு" என்றான் மருமகன்.

பாத்திரக்கடைக்காரர் சமையலறையிலிருந்து அகலமான எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்தார். கடையை விற்றபோது விற்காமல் எடுத்து வைத்தது, முகம் பார்க்கலாம். அதை மேசை விளிம்பில் ஏந்தினார். மருமகன் ஒரு அட்டையின் விளிம்பால் தண்ணீரை ஒரு துளி விடாமல் மெதுவாக அதில் தள்ளினான். நனைந்த செய்தித்தாளையும் மடித்துத் தட்டின்மேல் பிழிந்தான். டாங்கியைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டுக்காகக் காத்திருந்தான். அது விழுந்தது. தட்டின் பளபளப்பு மறைந்தது.

தட்டை மேசையின் நடுவில் வைத்தார்கள். பாத்திரக்கடைக்காரர் எழுந்து மின்விசிறியை அணைத்தார், காய்ந்தால் பொடி பறந்துவிடுமே. ஜன்னலையும் சாத்தினார். அறை உடனே புழுங்கியது.

"காஞ்சா எவ்ளோ வரும்?" என்றார்.

"ஒரு சிட்டிகை. சோப்பும் கலந்திருக்கும்."

"வலது பக்கத்துக்குப் போதுமா?"

"போதாது மாமா."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டைப் பார்த்தார்கள். விளிம்பில் ஏற்கெனவே மெல்லிய ஒரு கோடு, பழுப்பாக, காயத் தொடங்கியிருந்தது. பாத்திரக்கடைக்காரருக்கு நெற்றியிலிருந்து வியர்வை இறங்கியது. தன்னையறியாமல் இடது கை மறுபடி வேட்டி நுனியைத் தேடியது. அதை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து, முழு உடம்பின் பாரத்தையும் அதன்மேல் போட்டு உட்கார்ந்தார்.